மெம்=4ஜி கொடுத்தால் 2.3 ஜிபிதான் தெரிகிறது. மீதி எங்கே போயிற்று?

பனியன்நிரலன் (திருப்பூர்), திங்கள் இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம்.

பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் சலான் கணக்குப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை நானும் என் பங்காளியும் எழுதி விற்கிறோம். நிட்டிங்குக்குப் போன நூல் எத்தனை கிலோ, சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய துணி எத்தனை கிலோ, காஜா பட்டனுக்குப் போன பீஸ் எத்தனை, இன்னும் யார் கையில் நிற்கிறது என்று சொல்வது அதன் வேலை. எங்கள் அலுவலகத்தில் ‘நிலுவை லாட்’ அறிக்கையை அழுத்தினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து விழுகிறது. அவிநாசி பக்கம் ஒரு யூனிட்டில் அதே அறிக்கையை அழுத்திவிட்டு முதலாளி வெளியே போய் டீ குடித்துவிட்டு வருகிறார். நான் நேரில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன். நான்கு நிமிடம்.

அவருடைய கணினியில் 4 ஜிபி ரேம், டெபியன் லினக்ஸ். என்னுடையதில் 16 ஜிபி, அதே டெபியன். அவருடைய நெருக்கடியை என் மேசையில் வரவழைத்துப் பார்க்கலாம் என்று, கணினியைத் துவக்கி வைக்கும் கிரப் நிரலின் பட்டியல் வரும்போது ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில், நினைவகத்துக்கு வரம்பு போடும் மெம் விருப்பத்தை மெம்=4096 என்று சேர்த்து எஃப்10 அழுத்தினேன். திரை இருண்டதோடு சரி. பிறகு மெம்=4ஜி என்று கொடுத்தேன். துவங்கிவிட்டது, ஆனால் நினைவக அளவைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளை மொத்தம் 2.3 ஜிபி என்கிறது. 8ஜி கொடுத்தால் 6.2 காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு காணாமல் போகிறது. யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள்?


வாலாங்குளம் (கோவை), திங்கள் இரவு 9:40

முதல் முயற்சி இருண்டதற்குக் காரணம் எளிது. அலகு போடாவிட்டால் லினக்ஸின் மையக்கருவான கெர்னல் அதை பைட் என்று எடுத்துக்கொள்ளும். 4096 பைட்டில் லினக்ஸ் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். கே, எம், ஜி ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

அதைவிட, இத்தனை சிரமம் எதற்கு? ஒரு நிரலுக்கு மட்டும் வரம்பு போடும் சிகுரூப் இருக்கிறது. ‘சிஸ்டம்டி-ரன்’ கட்டளையில் மெமரிமேக்ஸ்=4ஜி என்று கொடுத்து உங்கள் நிரலை ஓட்டுங்கள். மறுதுவக்கமே வேண்டாம்.


நொய்யல்கரை (கோவை), திங்கள் இரவு 10:25

பனியன்நிரலன் தம்பி, நீங்கள் ஏக்கர் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கெர்னல் எல்லைக்கல் நட்டிருக்கிறது.

எக்ஸ்86 கணினியில் மெம் என்பது ‘இவ்வளவு நினைவகம் கொடு’ என்ற கோரிக்கை அல்ல. ‘இந்த முகவரிக்கு மேல் இருப்பதைத் தொடாதே’ என்ற தடை. முகவரிகள் 0-வில் தொடங்கி ஏறிக்கொண்டே போகின்றன. ஆனால் அந்தப் பாதை முழுக்க ரேம் கிடையாது. 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய துண்டைக் கணினி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. கிராஃபிக்ஸ், வலையட்டை போன்ற சாதனங்களோடு பேசுவதற்கான முகவரிகள் அங்கேதான் இருக்கின்றன. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய ரேமை 4 ஜிபிக்கு மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நான்காவது மைல்கல் வரை உன்னுடையது என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நடுவில் ஓடைப் புறம்போக்கு ஒன்றரை மைலுக்கு மேல் ஓடுகிறது. ஓடைக்குப் போன நிலத்துக்கு ஈடாக மைல்கல்லுக்கு அப்பால் நிலம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் உங்கள் பத்திரம் மைல்கல்லோடு நின்றுவிட்டது. இதுதான் நடந்தது.

கெர்னலின் துவக்கச் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ கொடுத்து முதல் சில பத்து வரிகளைப் பாருங்கள். கணினிப் பலகையில் உள்ள ஆரம்ப நிரலான பயாஸ் கொடுத்த நினைவக வரைபடம் இருக்கும், அதற்குக் கீழே நீங்கள் மாற்றிய வரைபடம் தனியாக இருக்கும். அதற்கு இ820 வரைபடம் என்று பெயர். பழைய பயாஸிடம் நினைவகத்தைப் பற்றிக் கேட்கும்போது பதிவேட்டில் வைக்க வேண்டிய எண் அது, அதுவே பெயராக நின்றுவிட்டது. அந்த வரிகளை இங்கே போடுங்கள், கணக்கைப் பார்த்துவிடலாம்.

(இந்த இழையில் விருப்பங்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். போன மாதம் ஒருவர் அப்படியே தமிழில் தட்டிவிட்டு வந்து சண்டை போட்டார்.)


பனியன்நிரலன், திங்கள் இரவு 11:03

அண்ணா, பார்த்துவிட்டேன். சில்லறைத் துண்டுகளை விட்டுவிட்டுச் சொன்னால்:

0 முதல் 2450 எம்பி வரை பயன்படுத்தத்தக்கது.
2450 முதல் 4096 எம்பி வரை ஒதுக்கீடும் வெற்றிடமும்.
4096 எம்பியிலிருந்து 18030 எம்பி வரை பயன்படுத்தத்தக்கது.

16 ஜிபி கணினியில் 18030 வரை முகவரி போவதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை.


நொய்யல்கரை, செவ்வாய் காலை 6:50

ஓடை 1646 எம்பி அகலம். ஆகவே உங்களுக்கு 4096 எம்பி கைக்கு வர வேண்டுமென்றால் எல்லைக்கல்லை 4096 + 1646 = 5742-இல் நட வேண்டும். மெம்=5742எம்.

அப்போதும் ‘ஃப்ரீ’ 4 ஜிபி காட்டாது, பதறாதீர்கள். ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கெர்னல் தன் குறிப்பேட்டில் 64 பைட் எழுதி வைக்கிறது. அறுபத்து நான்கில் ஒரு பங்கு அதற்கே போயிற்று, 4 ஜிபிக்கு 64 எம்பி. கெர்னலின் சொந்த உடம்பு வேறு இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளரின் கணினியில் ‘ஃப்ரீ’ என்ன காட்டுகிறது என்று கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்கு ஒத்து வரும்படி கல்லை நகர்த்துங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 4 ஜிபியைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இன்னொன்று. மெம் வெட்டியெறிந்த பகுதி, கெர்னலின் கண்ணுக்கு ஆளில்லாத வெற்று முகவரியாகத் தெரியும். அங்கே ஏதாவது சாதனத்துக்கு இடம் ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. கெர்னல் ஆவணமே இதை எச்சரிக்கிறது. அதைத் தவிர்க்க வேண்டுமானால், வெட்டுவதற்குப் பதில் ‘இது ஒதுக்கப்பட்டது, யாரும் வராதே’ என்று வேலி போடலாம். மெம்மேப்=12ஜி$5742எம். 5742-இல் தொடங்கி 12 ஜிபிக்கு வேலி என்று பொருள். ஒரு நாள் சோதனைக்கு மெம் போதும், நான் அப்படித்தான் செய்கிறேன்.


மஞ்சள்மண்டி (ஈரோடு), செவ்வாய் காலை 8:15

அந்த $ குறியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்குகிறது. என் கதையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது ஓர் இரவு மிச்சமாகும்.

பழைய அலுவலகக் கணினி ஒன்றை 8 ஜிபியோடு வாங்கினேன். சுருக்கிய கோப்புகளை விரித்தால் பத்தில் ஒன்று கெட்டுப்போய் வந்தது. வன்தட்டைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், அப்போதும் அப்படியே. கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு இரவெல்லாம் ஓட விட்டேன். காலையில் பார்த்தால் 6150 எம்பி முகவரியை ஒட்டி ஒரே இடத்தில் சிவப்பாகப் பிழைகள். மற்ற இடமெல்லாம் சுத்தம். அந்த 2 எம்பிக்காக முழு ரேமைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ‘ஈடிசி/டீஃபால்ட்/கிரப்’ கோப்பைத் திறந்து மெம்மேப்=2எம்$6150எம் என்று எழுதி, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டி, மறுதுவக்கம் செய்தேன்.

கறுப்புத் திரை. விசைப்பலகை விளக்குகூட எரியவில்லை.

மறுநாள்தான் விளங்கியது. அந்தக் கோப்பை, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் படிக்கிறது. ஷெல்லுக்கு $6 என்றால் ஆறாவது உள்ளீடு, அப்படி ஒன்று இல்லாததால் அந்த இடம் காலி. மிஞ்சியது மெம்மேப்=2எம்150எம். கெர்னல் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு, ‘மொத்த நினைவகமே 2 எம்பி’ என்று முடிவு கட்டிவிட்டது. கெட்டுப்போன 2 எம்பியை ஒதுக்கச் சொன்னேன், அது 2 எம்பியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்கிவிட்டது.

கிரப் பட்டியலில் ‘இ’ அழுத்தி அந்தச் சொல்லை மட்டும் அழித்துத் துவக்கி மீண்டேன். அந்தக் கோப்பில் எழுதும்போது $ குறிக்கு முன் மூன்று பின்சாய்வு போட வேண்டும், \\\$ என்று. ஷெல் படித்த பிறகு அது \$ ஆகும், அதைக் கிரப் படித்த பிறகு வெறும் $ ஆகிக் கெர்னலுக்குப் போகும். பட்டியலில் நேரடியாகத் தட்டினால் ஒரு பின்சாய்வு போதும். மறுதுவக்கத்துக்கு முன் கிரப் உருவாக்கிய கோப்பைத் திறந்து \$ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். துவங்கிய பின் ‘ப்ராக்/சிஎம்டிலைன்’ கோப்பைப் படித்தால் கெர்னலுக்கு உண்மையில் என்ன போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.


நொய்யல்கரை, செவ்வாய் காலை 8:40

மஞ்சள்மண்டி, கெட்ட ரேமுக்குக் கிரப்பிலேயே பேட்ரேம் என்று தனி வசதி இருக்கிறதே. மெம்டெஸ்ட் கொடுக்கும் முகவரி வடிவத்தை அப்படியே ஒட்டினால் போதும். ஆனால் நம்பகமான நிரல்களை மட்டும் துவக்க விடும் செக்யூர் பூட் போட்டிருந்தால் கிரப் அந்தக் கட்டளையை அனுமதிக்காது. நினைவகத்தை மறைக்கும் கட்டளைகளை வைத்துப் பாதுகாப்பைத் தாண்டலாம் என்று தெரிந்த பிறகு பூட்டிவிட்டார்கள். கெர்னலில் சோதனை வசதி சேர்த்துக் கட்டியிருந்தால் மெம்டெஸ்ட்=4 என்று கொடுக்கலாம். ஒவ்வொரு துவக்கத்திலும் நான்கு முறை எழுதிப் பார்த்து, கெட்ட இடங்களைத் தானே ஒதுக்கும். துவக்கம் தாமதமாகும், அவ்வளவுதான்.

எதைச் செய்தாலும் ரேம் பட்டைகளை இடம் மாற்றிச் செருகினால் முகவரியும் மாறும், வேலி தப்பான இடத்தில் நிற்கும். கணக்குவழக்கு ஓடும் கணினி என்றால் புது ரேம் வாங்கிவிடுங்கள். மஞ்சள் விலையை ஒரு பிட் மாற்றிவிட்டால் யார் பதில் சொல்வது?


மஞ்சள்மண்டி, செவ்வாய் காலை 8:52

அந்தக் கணினியில் பாட்டு மட்டும்தான் ஓடுகிறது அண்ணா.


வாலாங்குளம், செவ்வாய் பகல் 1:30

நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எல்லைக்கல், ஓடை, பின்சாய்வு எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் 2026-இல் ஒரு நிரலைச் சோதிக்கக் கணினியையே மறுபடி துவக்குவது, தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க ஆழியாறு அணையைத் திறந்த கதை. சிகுரூப் வேண்டாம் என்றால் மெய்நிகர் கணினி எழுப்புங்கள். கியூஎமுவில் 4 ஜிபி என்றால் சரியாக 4 ஜிபி கொடுக்கும், ஓடைக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.


நொய்யல்கரை, செவ்வாய் இரவு 9:05

மெய்நிகர் கணினி நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். வட்டின் வேகமும் கிராஃபிக்ஸும் முக்கியமில்லை என்றால் நானும் அதையே சொல்வேன்.

சிகுரூப் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஓட்டும் நிரலுக்கு மட்டும் கடிவாளம். தம்பியின் மென்பொருளுக்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தனிச் சேவையாக ஓடுகிறது என்று நினைக்கிறேன். அது கடிவாளத்துக்கு வெளியே நிற்கும். கோப்புகளைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதற்கு மீதி 12 ஜிபியும் அதற்குத் திறந்தே கிடக்கும். உலாவி, டெஸ்க்டாப் எல்லாம் அப்படியே. வாடிக்கையாளர் கணினியில் இவர்கள் எல்லோரும் 4 ஜிபிக்குள் முட்டிமோதிக்கொண்டு இருக்கிறார்கள். அந்த நெரிசல்தான் நோய் என்றால், ஒருவரை மட்டும் சின்ன அறையில் பூட்டி வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள்? தவிர, மொத்த நினைவகத்தைப் பார்த்துத் தன் தீனியை முடிவுசெய்யும் நிரல்கள் உண்டு. சிகுரூப்புக்குள் இருந்தாலும் கெர்னல் நினைவகக் கணக்கைக் காட்டும் ‘மெமின்ஃபோ’வைப் படித்தால் 16 ஜிபி என்றுதான் தெரியும்.


தறிச்சத்தம் (சோமனூர்), செவ்வாய் இரவு 9:48

நீங்கள் இருவரும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுங்கள். நான் ஒன்று கேட்கிறேன். அந்த யூனிட்டில் கணினி எங்கே வைத்திருக்கிறார்கள்? நிட்டிங் அறைக்குப் பக்கத்திலா?

எங்கள் தறிக்கூடத்தில் ஒரு கணினி இதே மாதிரி தூங்கி வழிந்தது. மூடியைத் திறந்தால் விசிறிக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே தலையணைக்குள் திணிப்பது போலப் பஞ்சு. சூடு வெளியேற வழியில்லாமல் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியதும் உயிர் வந்தது. பனியன் கம்பெனியில் இது இல்லாமல் இருக்காது.

இன்னொன்று. அந்தக் கணினியில் இருப்பது சுழலும் வன்தட்டா? நிரலர் தம்பியிடம் எஸ்எஸ்டி இருக்கும். மெம் விருப்பம் ரேமைத்தான் குறைக்கும், எஸ்எஸ்டியை வன்தட்டாக மாற்றாது. நினைவகம் பத்தாமல் வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் இடத்துக்குப் போகும்போது அடி விழுவது வட்டில்தான். உங்கள் மேசையில் அந்த அடி தெரியவே தெரியாது.


பனியன்நிரலன், செவ்வாய் இரவு 10:10

அக்கா, வன்தட்டுதான். இது எனக்குத் தோன்றவே இல்லை. பஞ்சையும் நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.


ஆழியாற்றங்கரை (பொள்ளாச்சி), புதன் காலை 7:20

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும், இரண்டு துணுக்குகள்.

தென்னந்தோப்பில் சொட்டுநீர் மோட்டார் ஓட்ட ராஸ்பெரி பை வைத்திருக்கிறேன். பெரிய பலகையில் எழுதிச் சிறிய பலகையில் ஓட்டுவதற்குமுன் சோதிக்க, அதில் மெம் வேண்டாம். ‘கான்ஃபிக்’ கோப்பில் டோட்டல்_மெம்=1024 என்று போட்டால் போதும். அங்கே எண் மெகாபைட்டில், அலகு போடக் கூடாது. நேர் எதிர்.

விண்டோஸில் இந்த எல்லைக்கல், ஏக்கர் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. பிசிடிஎடிட் கட்டளையில் ட்ரங்கேட்மெமரி என்பது முகவரி எல்லை, பைட்டில் சொல்ல வேண்டும். ரிமூவ்மெமரி என்பது இத்தனை எம்பியைக் கழித்துக்கொள் என்பது. நொய்யல்கரை அண்ணா சொன்னதைப் படித்த பிறகுதான் ஏன் இரண்டு வைத்தார்கள் என்று புரிந்தது.


பனியன்நிரலன், சனி மாலை 5:35

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை யூனிட்டுக்குப் போய் மூடியைத் திறந்தோம். தறிச்சத்தம் அக்கா சொன்னது அப்படியே உண்மை. ஒரு கைப்பிடிப் பஞ்சு, அதுவும் அந்த வாரம் ஓட்டிய நீல நிறத்தில். சுத்தம் செய்ததில் நான்கு நிமிடம் மூன்றே முக்கால் ஆயிற்று. குறைந்தது, ஆனால் டீக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவர் கணினியில் ‘ஃப்ரீ’ 3.7 ஜிபி காட்டியது. என் பங்காளியின் கணினியும் என்னுடையது போலவே 16 ஜிபிதான், அதில் பழைய வன்தட்டு ஒன்றை மாட்டி, தரவுத்தளத்தையும் ஸ்வாப்பையும் அதில் வைத்தேன். கல்லை அரைக்கால் அங்குலமாக நகர்த்தி 3.7-க்குக் கொண்டுவந்தேன். வாலாங்குளம் சொன்ன வழியையும் விடவில்லை. சிகுரூப்பில் 4 ஜிபி கொடுத்து ஓட்டியபோது அறிக்கை 20 விநாடிக்குள் வந்துவிட்டது, நோய் பிடிபடவில்லை. மெம் போட்டு எஸ்எஸ்டியில் ஓட்டியபோது 50 விநாடி. மெம் போட்டு வன்தட்டில், உலாவியில் வழக்கமாக அவர் திறந்து வைத்திருக்கும் ஏழெட்டுப் பக்கங்களையும் திறந்து வைத்து ஓட்டியபோது 3 நிமிடம் 30 விநாடி. வட்டு கறகறவென்று அரைக்கும் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

குற்றவாளி நான்தான். நிலுவையில் இருக்கும் லாட்டுகளைக் காட்டுவதற்கு மூன்று வருடச் சலான்களையும் நினைவகத்துக்கு இழுத்து, அங்கே உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது என் நிரல். உச்சத்தில் 1.9 ஜிபி. 16 ஜிபியில் அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது முடியாத லாட்டுகளை மட்டும் கேட்கிறது, கூட்டலைத் தரவுத்தளமே செய்கிறது. உச்சம் 200 எம்பியைத் தாண்டவில்லை. யூனிட்டில் நேற்று ஓட்டிக் காட்டினேன், 9 விநாடி. முதலாளி ‘இனிமேல் டீக்கு என்ன சாக்கு சொல்வது’ என்றார்.


வாலாங்குளம், சனி மாலை 6:02

சரி, இந்த முறை தோற்றுவிட்டேன். ஆனால் இதே சோதனையை மெய்நிகர் கணினியில், வட்டு வேகத்துக்கும் வரம்பு போட்டுச் செய்திருக்கலாம் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.


தறிச்சத்தம், சனி மாலை 6:30

செய்திருக்கலாம் தம்பி. பஞ்சு அதில் தெரிந்திருக்காது.


சலான்கணக்கு (திருப்பூர்), அடுத்த திங்கள் காலை 10:15

வணக்கம். நான்தான் மேலே சொல்லப்பட்ட பங்காளி. இந்த இழைக்காகவே இன்று கணக்குத் தொடங்கினேன்.

வியாழக்கிழமையிலிருந்து என் கணினி நகர மாட்டேன் என்கிறது. உலாவியை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினேன். வைரஸ் என்று பயந்து கடவுச்சொற்களையெல்லாம் மாற்றினேன். நேற்று ரேம் பட்டைகளைக் கழற்றித் துடைத்துக்கூட மாட்டினேன். இன்று காலை இதைப் படித்த பிறகு ‘ஃப்ரீ’ கொடுத்துப் பார்த்தேன். 3.7 ஜிபி.

இவர் ஒவ்வொரு முறையும் ‘இ’ அழுத்தச் சலித்துக்கொண்டு என் கணினியின் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். எந்த வரியை அழிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். இவர் தொலைபேசியை எடுக்கவில்லை.


நொய்யல்கரை, திங்கள் காலை 10:22

‘ஈடிசி/டீஃபால்ட்/கிரப்’ கோப்பில் ‘சிஎம்டிலைன்’ என்று வரும் வரிகளைப் பாருங்கள். மேற்கோள் குறிகளுக்குள் மெம்= என்று தொடங்கும் சொல்லை மட்டும் அழியுங்கள், மேற்கோள் குறிகளை விட்டுவிடுங்கள். சேமித்துவிட்டு நிர்வாகி உரிமையோடு (‘சுடூ’ சேர்த்து) ‘அப்டேட்-கிரப்’, பிறகு மறுதுவக்கம். வன்தட்டில் வைத்த ஸ்வாப்பும் இன்னும் இருக்கும், துவங்கும்போது சேர்க்கும் வட்டுகளின் பட்டியலான ‘எஃப்எஸ்டேப்’ கோப்பையும் ஒரு பார்வை பாருங்கள்.


சலான்கணக்கு, திங்கள் காலை 10:41

15.4 ஜிபி. நன்றி அண்ணா. ஸ்வாப்பும் இருந்தது, எடுத்துவிட்டேன்.


பனியன்நிரலன், திங்கள் காலை 11:05

இழையைப் பூட்டிவிடுங்கள் அண்ணா. நான் இன்று மதியம் அலுவலகத்துக்கு வரும்போது பஜ்ஜியோடு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.